சிவப்பு விளக்கு எரிந்தால் யார் பொறுப்பு?



மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று புகார் சொன்னால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று பதில் சொல்லக் கூடாது. ஆளை அனுப்ப வேண்டும். வந்தவர் வேலையை முடித்த பிறகு, "வந்துவிட்டது" என்று சந்தாதாரர் தம் வாயால் சொன்னால்தான் புகாரை முடிக்க வேண்டும். கரண்ட் போனாலும் ஒரு மணி நேரமாவது வீட்டு டெலிபோன் பேச வேண்டும். என் கட்சி இந்த மூன்றுதான். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்; காப்பி குடித்துக்கொண்டே படிக்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு பதிவா என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கையில் எந்நேரமும் செல்போன் இருக்கிறது. நம் கதை வேறு. எங்கள் மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் பல வீடுகளில் உள் அறைக்குப் போனால் செல்போன் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். வெளிநாட்டுப் பிள்ளை முகம் பார்த்துப் பேசுவது வைஃபையில். பென்ஷன்காரர்களின் உயிர்வாழ்வுச் சான்று 2014 முதல் ஜீவன் பிரமாண் என்று இணையத்துக்கு வந்துவிட்டது. மின் கட்டணம், ஆஸ்பத்திரி டோக்கன், மருந்துக்கடை எல்லாம் அதே வழி. அந்தச் சின்னப் பெட்டி செத்தால் தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் வாசல் கதவு பூட்டிய மாதிரி.

முன்பு எப்படி இருந்தது? சென்னையில் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882-ல் வந்தது. அன்றிலிருந்து நம் காலம் வரை டெலிபோன் என்றால் செம்புக் கம்பி. வீட்டுக்குள் இருந்த கறுப்புக் கருவிகூட இலாகாவின் சொத்து. எக்ஸ்சேஞ்சிலிருந்து ரிசீவர் வரை எது கெட்டாலும் அவர்கள் பொறுப்பு. 198-க்கு டயல் செய்தால் லைன்மேன் வருவார். இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் வருவார். கருவிக்கு வேண்டிய மின்சாரமும் எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்தது. தெருவே இருட்டாக இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் 'கொர்ர்' என்று டயல் டோன் கேட்கும்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தது. நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்ட் என்று 2004-ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. 2013-ல் அது 512 ஆயிற்று. 2023-ல் 2 மெகாபிட் ஆயிற்று. வேகம் கூடக் கூடச் செம்பு போதவில்லை. கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், வீடு தேடி வந்துவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நல்ல சாமான்தான். கடற்கரையோர உப்புக் காற்றில் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் செம்பு இணைப்புகள் பச்சை பூத்துப் போனதைப் பார்த்தவன் நான். கண்ணாடிக்கு அந்த வியாதி இல்லை.

ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது. முன்பு ரிசீவர் வரை அவர்கள் பொறுப்பு. இப்போது மோடத்துக்கு மின்சாரம் நம் பொறுப்பு, வைஃபை நம் பொறுப்பு, அதை ஆஃப் செய்து ஆன் செய்வதும் நம் பொறுப்பு. கோடு எங்கே ஓடுகிறது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் கோப்பு கட்டியவனுக்கு முதலில் தோன்றும் கேள்வி, "இது எந்த செக்‌ஷன்?" என்பதுதான். செக்‌ஷன் தெரியாவிட்டால் தபால் மேஜை மேஜையாகச் சுற்றும்.

இந்தக் கோட்டை மோடத்தின் விளக்குகளே காட்டிக் கொடுக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வேண்டுமானால் பெரிய எழுத்தில் எழுதி மோடம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் விளக்கு, பவர். அது எரியவில்லை என்றால் விஷயம் நம் வீட்டில். சுவிட்ச், பிளக், அடாப்டர் பாருங்கள். வேறு பிளக் பாயிண்டில் போட்டுப் பாருங்கள். அடாப்டர் போயிருந்தால் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும். சிக்னல் இழப்பு என்று பொருள். சாதாரண நாளில் இது எரியாது. சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, தெருவிலிருந்து ஒளி வரவில்லை என்று மோடம் சொல்கிறது. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வீட்டுக்குள் வரும் மெல்லிய வயர் கட்டில் காலிலோ பீரோவுக்குப் பின்னாலோ நசுங்கியிருக்கிறதா, பச்சைத் தலை வைத்த பிளக் கழன்று நிற்கிறதா? இல்லை என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மூன்றாவது, பி.ஓ.என்., 'பான்' என்று வாசிப்பார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு சிரிப்பு. பிரெஞ்சில் ஏறத்தாழ இதே உச்சரிப்பில் ஒரு சொல் உண்டு; வண்டியோ மெஷினோ பழுதாகி நின்றுவிட்டது என்பதற்கு அதைச் சொல்வார்கள். இங்கே நேர் எதிர். 'பான்' பச்சையாக அசையாமல் எரிந்தால் லைன் சுகம். மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் எக்ஸ்சேஞ்ச் இந்த மோடத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. இங்கே ஒரு முறை ஆஃப் செய்து ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்து பார்ப்பது நியாயம். அப்போதும் மின்னினால் அவர்கள் பக்கம்.

நான்காவது, இன்டர்நெட் விளக்கு. 'பான்' பச்சையாக இருந்து இது மட்டும் எரியாவிட்டால், பில் கட்டியாயிற்றா பாருங்கள். கட்டியிருந்தால் கணக்கோ செட்டிங்கோ கோளாறு, போனிலேயே தீர்க்கக்கூடியது.

எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தும் உங்கள் போனில் மட்டும் வரவில்லை என்றால் அது வைஃபை. மோடம் அருகில் போய்ப் பாருங்கள். இன்னொரு போனில் பாருங்கள். கோடு நம் பக்கம்.

இன்னும் செம்புக் கம்பி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபம். டி.எஸ்.எல். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் மோடம் சிக்னலைத் தேடுகிறது. ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் இல்லை, அல்லது கரகரப்பு என்றால் கம்பியில் கோளாறு. டோன் சுத்தமாக இருந்தால், குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் என்ற குட்டி டப்பாவைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் வரும் லைனை நேரே மோடத்தில் சொருகிப் பாருங்கள். விளக்கு நின்று எரிந்தால் டப்பாதான் குற்றவாளி. இல்லையேல் மோடமோ எக்ஸ்சேஞ்சோ.

இப்போது சிவப்பு விளக்குக்கு வருகிறேன். ஃபைபரில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. கண்ணாடி இழையில் வெகுதூரம் செய்தி அனுப்ப முடியும் என்று சார்லஸ் காவ் 1966-ல் எழுதிக் காட்டினார். 2009-ல் நோபல் பரிசு வந்தது. அந்தத் துறைக்கு 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்று பெயர் வைத்தவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழை போர்ட் பிளேருக்கும் மற்ற அந்தமான் தீவுகளுக்கும் போகிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். வங்கக் கடலைத் தாண்டும் ஒளி எங்கள் தெருமுனையைத் தாண்ட முடியாமல் நிற்பதுதான் வேடிக்கை.

எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒளி ஓரிரு மில்லிவாட் அளவு. வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் அதை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கு போடும். நம் வீட்டுக்கு வந்து சேர்வது மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. டெக்னீஷியன்கள் இதை 'மைனஸ் 20' என்பார்கள். அந்த எண்ணில் ஒவ்வொரு 3 கூடும்போதும் ஒளி பாதியாகிறது. மைனஸ் 27 வாக்கில் மோடம் திணறும். அதையும் தாண்டினால் சிவப்பு. ஒயரை ஒரு சுண்டுவிரல் அளவுக்கு மடக்கினால்கூட ஒளி வளைவில் கசிந்துவிடும். கம்பத்தில் தொங்கும் வயரை அணில் கடிக்கலாம். மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டும் மெஷின் அறுக்கலாம். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரியின் உச்சி இழுத்துக்கொண்டு போகலாம்.

இதில் எதை நாம் வீட்டில் உட்கார்ந்து ஆஃப் செய்து ஆன் செய்து சரிசெய்ய முடியும்? தபால்காரர் தெருவுக்கே வராதபோது வாசல் கதவை எத்தனை தரம் திறந்து மூடினாலும் கடிதம் வராது. அபூர்வமாக மோடத்துக்குள் ஒளியை வாங்கும் பாகமே கெட்டுப்போய் சிவப்பு காட்டுவதுண்டு. அப்போதும் ஆள் வந்துதான் மாற்ற வேண்டும். ஆக, சிவப்பு என்றால் இரண்டு வழியிலும் ஆள் தேவை.

சென்ற ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் ஒரே காலையில் சிவப்பு. எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற டீச்சர், வயது எழுபத்தெட்டு, தனியாக இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்துப் பெட்டியிலிருந்துதான் வயர். இரண்டும் சேர்ந்து போனால் கோளாறு வெளியே என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உதவி மையத்துக்கு நான் இதைச் சொன்னேன். பதில்: "சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." டீச்சரம்மாவுக்கும் அதே பதில். அவருடைய மோடம் கதவு நிலைக்கு மேலே, சுவிட்சும் அங்கேயே. வயர் மிச்சம் பிடிக்க இணைப்புக் கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன இடம் அது. டீச்சரம்மா ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். ஒரு தரம் அல்ல, இரண்டு நாளில் ஐந்து தரம்.

மூன்றாம் நாள் அவர் என்னிடம் சொன்னார்: "சார், ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இறங்கும்போதுதான் கால் நடுங்குது. இனிமே முடியாதுன்னு துடைப்பக் குச்சியால சுவிட்சைத் தட்டினேன்."

இடுப்பு எலும்பு முறிந்தால் எழுபத்தெட்டு வயதில் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பயனே இல்லாத ஒரு காரியத்துக்காக அந்த அம்மாவை ஐந்து தரம் ஸ்டூல் ஏற வைத்திருக்கிறது ஒரு கேள்வித்தாள். போனில் பேசிய பெண்ணின் மேல் குற்றமில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் திரையில் முதல் வரியே அதுதான் போலிருக்கிறது.

அதற்குள் இரண்டு பேருக்கும் செய்தி வந்துவிட்டது: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அதைப் படித்தோம். மறுபடி புகார், மறுபடி "தீர்க்கப்பட்டது". ஆறாம் நாள் ஒரு தம்பி ஏணியோடு வந்தார். முனைக் கம்பத்தில் வயர் அறுந்து தொங்கியது. இணைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "ஐயா, எனக்கு இன்னிக்குக் காலையிலதான் இந்தப் புகார் வந்துச்சு" என்றார். அவரை நம்புகிறேன். வெயிலிலும் மழையிலும் ஏணி தூக்கும் இந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபமே கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் மனு ஒன்றை முடிக்க வேண்டுமானால் குறிப்பு எழுதி, அதிகாரி கையெழுத்து வாங்கி, மனுதாரருக்குப் பதில் அனுப்ப வேண்டும். பதில் நகல் கோப்பில் இல்லாமல் 'முடிவுற்றது' என்று எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். அரசு அலுவலகம் தாமதம் என்று ஊரெல்லாம் சொல்லும். அதில் உண்மை உண்டு. ஆனால் நிலுவையில் இருப்பதை நிலுவை என்றுதான் பதிவேட்டில் எழுதினோம். இங்கே புகாரை முடிப்பவரே தீர்ந்தது என்று சான்றும் கொடுக்கிறார். நேரக் கெடு தவறாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பல புகார்கள் ஆஃப் செய்து ஆன் செய்தாலே தீரக்கூடியவை. எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பினால் கட்டுப்படியாகாது. சரி. அதனால்தான் முதல் கேள்வி "என்ன நிறம்?" என்று இருக்கட்டும் என்கிறேன். பச்சை என்றால் போனிலேயே பேசலாம். சிவப்பு என்றால் நேரே ஆள். ஒரே தெருவில் இரண்டு சிவப்பு என்றால் நேரே கம்பம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பிரெஞ்சு வகுப்பில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வருகிறது. 1794-ல் கிளோத் ஷாப் என்பவர் பாரிசிலிருந்து லீல் நகரம் வரை கோபுரங்கள் கட்டினார். ஒவ்வொரு கோபுரத்தின் மேலும் மரக்கைகள். அவை நிற்கும் கோணத்துக்கு ஏற்ப எழுத்து. அடுத்த கோபுரத்துக்காரர் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே திருப்பிக் காட்டுவார். பனிமூட்டம் வந்தால் செய்தி நின்றுவிடும். ஆனால் எந்தக் கோபுரம் கண்ணுக்குத் தெரியவில்லையோ அங்கேதான் தடை என்று பார்ப்பவருக்கு உடனே தெரியும். நம் சிவப்பு விளக்கும் அந்தத் தொலைநோக்கிதான். அது காட்டுவதைக் கேட்டுக்கொள்ள எதிர்முனையில் ஆள் வேண்டும்.

மூன்றாவது விஷயம் மின்சாரம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தையும் நாம் மறக்க மாட்டோம். மணலி வட்டாரத்தில் தண்ணீர் நின்றது, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது. கரண்ட் நாள்கணக்கில் இல்லை. செல்போன் கோபுரங்களும் பல இடங்களில் ஓய்ந்துவிட்டன. செம்பு லைன் இருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி கைகொடுத்திருக்கும். ஃபைபரில் மோடத்துக்குக் கரண்ட் இல்லையென்றால், ஒளி வாசல் வரை வந்து நின்றாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மற்ற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. பிரிட்டனில் பழைய டெலிபோன் முறையை 2025 கடைசியில் நிறுத்துவதாக இருந்தார்கள். முதியோர் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர அழைப்புக் கருவிகள் அதை நம்பியிருப்பதால் 2027 ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள். கரண்ட் போனால் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணுக்குப் பேச ஒரு வசதி தர வேண்டும், அதைத்தவிர வேறு வழியில்லாதவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று அங்கே ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. பிரான்சும் செம்புக் கம்பியை 2030-க்குள் ஊர் ஊராக, முன்னறிவிப்புக் கொடுத்து மூடி வருகிறது. இங்கும் எழுபது தாண்டியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும்போது, மோடத்தோடு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? மோடத்தைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தால் என்ன? 108-க்குப் பேச ஒரு மணி நேரம் போதும்.

அதுவரை நம் பாட்டை நாம் பார்த்துக்கொள்வோம். மோடத்துக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும்; அதைப் பார்த்து வாங்க வேண்டும். மோடம் உயரத்தில் இருந்தால் கீழே இறக்கச் சொல்லுங்கள், அல்லது சுவிட்சை மட்டுமாவது கைக்கு எட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பச்சைத் தலை பிளக்கைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி, கண்ணுக்கு நல்லதல்ல.

புகார் கொடுத்தால் டாக்கெட் எண் கேட்டு வாங்குங்கள். டிராய் ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த எண்ணைக் கொடுத்தாக வேண்டும். புகார் தீரவில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்; அதற்குக் கட்டணம் கிடையாது. நானும் டீச்சரம்மாவும் எழுதியிருக்கிறோம். அறுபது வருஷம் பேனா பிடித்த கை, ஒரு பக்கம் எழுதினால் தேய்ந்துவிடாது.

டெக்னீஷியன் வந்து சரிசெய்தால், "தம்பி, பவர் எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். மீட்டரைப் பார்த்து மைனஸ் 19, மைனஸ் 22 என்று ஏதாவது சொல்வார். அந்த எண்ணையும் தேதியையும் காலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அது மைனஸ் 26 என்று வந்தால் எங்கோ ஒரு இணைப்பு கெட்டுக்கொண்டு வருகிறது. சிவப்பு எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று, எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும்போதே, மோடத்தின் முன்னால் போய் நில்லுங்கள். எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, எது மின்னுகிறது, எது எரியவில்லை என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவர் யாராவது இருந்தால் அவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.